நில அதிர்வு வலைப்பின்னலைப் புதுப்பிக்கும்போது பணத்தை முதலில் எங்கே போடுவது?

பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய ஒரு வட்டார நில அதிர்வு வலைப்பின்னலை எடுத்துக்கொள்வோம். 20 நிலையங்கள். பாதியில் குறுகிய அலைகளை மட்டும் நன்றாகப் பதியும் பழைய 1 ஹெர்ட்ஸ் சென்சார், மீதியில் நீண்ட அலைகளையும் சேர்த்துப் பதியும், ஆனால் உள்ளிருக்கும் எடை அடிக்கடி நடுநிலையிலிருந்து விலகும் பிராட்பேண்ட் சென்சார். புதுப்பிக்க ஒரே ஒரு தடவைதான் பணம் வரும். அப்போது மேசைக்கு வரும் யோசனைகள் பெரும்பாலும் மூன்று: எல்லா நிலையத்திலும் புதிய பிராட்பேண்ட் வைப்பது; விலை குறைந்த சின்னக் கருவிகளை நூறு இடத்தில் பரப்புவது; தரவு மையத்தின் மென்பொருளை அடியோடு மாற்றுவது. மூன்றிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்றுக்கும் முன்னால் நிற்க வேண்டிய நான்காவது ஒன்று பட்டியலிலேயே இருப்பதில்லை. இப்போது இருக்கும் நிலையங்களை விடாமல் ஓடவைப்பதுதான் அது.

ஒரு சின்னக் கணக்கு போதும். ஒவ்வொரு நிலையமும் 80 சதவீத நேரம் தரவு தருகிறது என்றால், ஒரு நிலநடுக்கத்தைச் சுற்றியுள்ள ஆறு நிலையங்களும் அந்த நேரத்தில் உயிரோடிருக்க வாய்ப்பு 26 சதவீதம்தான். அதையே 95 சதவீதமாக உயர்த்தினால் வாய்ப்பு 73 சதவீதத்துக்குப் போகிறது. ஒரு புது சென்சார்கூட வாங்காமல் கிடைக்கும் முன்னேற்றம் இது. இதற்கு ஈடான பலனை சென்சாரை மாற்றி மட்டும் பெற முடியாது. 80 சதவீதம் ஓடும் நிலையத்தில் எவ்வளவு நல்ல சென்சாரை வைத்தாலும் அதுவும் 80 சதவீதம்தான் ஓடும்.

ஆகவே எந்த விலைப்புள்ளியையும் திறப்பதற்கு முன்பு கடந்த 12 மாதத் தரவை நிலையவாரியாக எடுத்து, இடைவெளி விழுந்த நேரங்களைக் கடிகாரத்தோடு ஒட்டிப் பாருங்கள். காரணம் அதிலேயே தெரியும்.

இடைவெளி விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத் தொடங்கி, வெயில் ஏறும் எட்டு ஒன்பது மணிக்கு முடிந்தால் பேட்டரி செத்துவிட்டது. அந்தச் சில மணி நேரத்துக்குள்ளேயே நிலையம் பத்து இருபது முறை வந்து வந்து போனால், சூரிய பேனலுக்கும் பேட்டரிக்கும் இடையில் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் சார்ஜ் கண்ட்ரோலரின் அமைப்பு தவறு. மின்னழுத்தம் 11.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் கண்ட்ரோலர் லோடைத் துண்டிக்கிறது. சுமை போனதும் பேட்டரி தானாக 12 வோல்ட்டுக்கு மேலே எழும்புகிறது. உடனே கண்ட்ரோலர் மீண்டும் இணைக்கிறது, டிஜிட்டைசரும் (சென்சாரின் மின்னழுத்தத்தை எண்களாக்கும் கருவி) மோடமும் ஒரே நேரத்தில் எழுந்து மின்சாரத்தை இழுக்கின்றன, மறுபடி விழுகிறது. ஒவ்வொரு முறையும் டிஜிட்டைசர் ஜிபிஎஸ் நேரத்தைப் பிடிப்பதற்குள் அணைந்துவிடுவதால், வந்து சேரும் துண்டுத் தரவும் நம்ப முடியாத நேரத்தோடு வருகிறது. அதனால் வெறும் இடைவெளியைவிட இது கெடுதல். இடைவெளி பொய் சொல்லாது. மீண்டும் இணைக்கும் மின்னழுத்தத்தை 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் வைத்தால் இந்த ஆட்டம் நிற்கும். பேட்டரியை மாற்றும்வரை இரவில் சில மணி நேரம் இழப்போம், ஆனால் கிடைக்கும் தரவு நேர்மையானதாக இருக்கும்.

மின்சாரக் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். சென்சார், டிஜிட்டைசர், செல்பேசி மோடம் சேர்ந்து 4 வாட் என்றால் நாளுக்கு 96 வாட்-மணி. வெயிலே இல்லாத ஐந்து நாள் தாங்க 480 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 40 ஆம்பியர்-மணி. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் காலிசெய்தால் ஆயுள் சீக்கிரம் போகும் என்பதால் 80, வயதாகிக் கொள்ளளவு குறைவதையும் சேர்த்து 100 ஆம்பியர்-மணி. பேனலுக்கு ஆண்டின் மிக மோசமான மாதத்தை எடுக்க வேண்டும். அப்போது நாளுக்கு மூன்று மணி நேரம் முழுவெயில் கிடைத்தால் 32 வாட் பேனல் அன்றாடத்துக்கு மட்டும் போதும். தூசி, கம்பி இழப்பு, இருண்ட நாட்களுக்குப்பின் பேட்டரியை மீட்டெடுப்பது எல்லாவற்றுக்கும் மூன்று மடங்கு வைத்தால் 100 வாட். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி விலை கூடுதலானாலும் 80 சதவீதம் வரை காலிசெய்யலாம், ஆயுளும் இரண்டு மூன்று மடங்கு; ஏறிப்போகக் கடினமான நிலையங்களுக்கு அதுவே லாபம். உறைநிலைக்குக் கீழே போகும் இடத்தில் மட்டும் கவனம் தேவை. அந்தக் குளிரில் அதைச் சார்ஜ் செய்தால் செல்கள் கெட்டுவிடும்.

அடுத்து, தரவு வந்து சேரும் பாதை. மூன்று சானல் (மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு என ஒரு சென்சாரின் மூன்று திசை அசைவுகள்), வினாடிக்கு 100 மாதிரி, ஸ்டைம்-2 என்ற தரவுச் சுருக்க முறை என்றால் ஒரு மாதிரிக்குச் சராசரி 1.2 பைட் பிடிக்கும். வினாடிக்கு 360 பைட், நாளுக்குச் சுமார் 31 மெகாபைட், மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு ஜிகாபைட். ஆறு சானல் வைத்தால் இரண்டு. செல்பேசிச் சேவைக்கு இது சுண்டைக்காய் அளவு, மின்செலவும் ஒன்றிரண்டு வாட்தான். குறை என்னவென்றால், பெரிய நடுக்கம் வந்த அடுத்த நிமிடமே அந்த வட்டாரம் முழுக்க எல்லோரும் போனை எடுப்பார்கள். கோபுரத்தின் பேட்டரியும் சில மணி நேரத்தில் தீரும். சொந்த ரேடியோ இணைப்பில் இந்த நெரிசல் இல்லை, ஆனால் நேர்க்கோட்டுப் பார்வை வேண்டும், இடையில் ஒரு ரிலே விழுந்தால் அதன் பின்னாலிருக்கும் ஐந்து நிலையமும் சேர்ந்து விழும். செயற்கைக்கோள் எங்கும் கிடைக்கும், ஆனால் முனையம் மட்டும் 30 வாட் இழுத்தால் மேலே போட்ட மின்கணக்கு எட்டு மடங்குக்கு மேல் போகிறது: நாளுக்கு 816 வாட்-மணி, ஐந்து நாளுக்கு லெட் ஆசிட்டில் 680 ஆம்பியர்-மணி. செயற்கைக்கோள் முனையத்தின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில்தான் பல திட்டங்கள் சறுக்குகின்றன. பேனல், பேட்டரி, அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டம், வேலி, எல்லாம் அதோடு சேர்ந்து வளரும்.

நம் பரிந்துரை கலப்புதான். பெரும்பாலான நிலையங்கள் செல்பேசியில், அருகருகே இருக்கும் இரண்டு நிலையங்கள் வேறுவேறு சேவையில். வலைப்பின்னலின் முதுகெலும்பான நான்கைந்து நிலையங்களுக்கு மட்டும் ரேடியோ அல்லது செயற்கைக்கோள். எந்தப் பாதையானாலும் டிஜிட்டைசரிலேயே சில மாதத் தரவு தங்க வேண்டும், இணைப்பு திரும்பியதும் விட்டுப்போனதைத் தானாக நிரப்பவும் வேண்டும். இது இல்லாத டிஜிட்டைசரை வாங்கவே கூடாது.

சென்சார்: எது எங்கே

இங்கேதான் ஆசை அதிகம், விலையும் அதிகம். பிராட்பேண்ட் பற்றி ஒன்றைத் தெளிவாக மனதில் வைக்க வேண்டும். உணர்திறன் வினாடிக்கு ஒரு மீட்டருக்கு 1500 வோல்ட், வெளியீட்டு எல்லை கூட்டல் கழித்தல் 20 வோல்ட் என்று இருக்கும் கருவி, தரை வினாடிக்கு 13 மில்லிமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் முட்டிக்கொள்ளும். அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். அளவு 5 உள்ள நிலநடுக்கம் பத்திருபது கிலோமீட்டர் தள்ளி வந்தாலே இந்த எல்லை தாண்டப்படலாம். மக்கள் பயந்து வெளியே ஓடிவரும் அந்த நேரத்தில், மிக அருகிலுள்ள, மிக விலையுயர்ந்த சென்சார் பயன்படாமல் போகிறது. பக்கத்திலேயே கூட்டல் கழித்தல் 2 அல்லது 4 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தின் இரண்டு அல்லது நான்கு மடங்கு) வரை தாங்கும் முடுக்கமானி ஒன்று இருந்தால் அந்தப் பதிவு தப்பும். ஆகவே பழைய சென்சாரை எடுத்துவிட்டுப் பிராட்பேண்ட் வைப்பதா, பழைய சென்சாரை விட்டுவைத்து முடுக்கமானியைச் சேர்ப்பதா என்று கேட்டால், உள்ளூர் நிலநடுக்கத்துக்காக இருக்கும் வலைப்பின்னலுக்கு இரண்டாவதுதான் சரியான பதில். மூன்று சானல் டிஜிட்டைசர் இருக்கும் இடத்தில் ஆறு சானலுக்கு மாற வேண்டும் என்பது இதனால் வரும் கட்டாயச் செலவு.

பிராட்பேண்ட் வேண்டாம் என்பதல்ல. அளவு நான்கைச் சுற்றியுள்ள நிலநடுக்கங்களின் பிளவு எந்தத் திசையில் எப்படி நகர்ந்தது என்று கணக்கிட, 20 முதல் 50 வினாடிக் காலமுள்ள நீண்ட அலைகள் சுத்தமாக வேண்டும். அதற்கு 20 நிலையத்தில் ஆறேழு நல்லவை, வட்டாரத்தைச் சுற்றிப் பரவி இருந்தால் போதும். நல்லவை என்பது சென்சாரைவிட அது அமரும் குழியைப் பொறுத்தது. கிடைமட்டக் கூறுகளுக்குச் சாய்வுதான் எமன். ஆயிரம் கிலோமீட்டர் நீளக் கம்பி ஒன்றின் ஒரு முனையை ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் வரும் சாய்வு ஒரு நானோரேடியன். அவ்வளவு சாய்ந்தாலே புவியீர்ப்பின் ஒரு கூறு, வினாடி வர்க்கத்துக்குப் பத்து நானோமீட்டர் முடுக்கமாகச் சென்சாருக்குள் போய்விடும். காலை வெயிலில் ஒரு பக்கம் மட்டும் சூடாகும் கான்கிரீட் தொட்டி இதைவிடப் பல மடங்கு சாயும். ஆழமில்லாத தொட்டியில் 120 வினாடிக் காலமுள்ள அலை வரை பதியும் சென்சாரை வைத்துவிட்டு, நீண்ட அலையில் இரைச்சல் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதைவிட, தரையில் துளையிட்டு 2 முதல் 5 மீட்டர் ஆழத்தில் இறக்கும் வகைச் சென்சாரை வாங்குவது மேல். துளையின் அடியில் சென்சாரைச் சுற்றி உலர்ந்த மணலைக் கொட்டி இறுக்க வேண்டும். காற்று புகுந்து சுழல இடம் இருக்கக்கூடாது. கேபிளை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் ஒரு வளையம் தளர்வாக விட வேண்டும், இல்லையென்றால் மேலே காற்றடித்து மூடி ஆடினால் அது கேபிள் வழியே சென்சாருக்கு இறங்கும். தொட்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால், சென்சார் அமரும் மேடை சுவரைத் தொடாமல் தனியே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். புதுச் சென்சார் வந்ததும் ஒரு மாதத் தரவின் இரைச்சல் நிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்ற கோட்டை), உலக நிலையங்களின் இரைச்சலிலிருந்து பீட்டர்சன் 1993இல் வகுத்த கீழ், மேல் எல்லைக் கோடுகளோடு ஒப்பிட்டால் குழியின் தரம் தெரிந்துவிடும்.

நூறு சின்னக் கருவிகள்?

4.5 ஹெர்ட்ஸ் ஜியோபோன் (விலை குறைந்த சின்ன அதிர்வுச் சென்சார்), சின்னக் கணினிப் பலகை, வீட்டு இணையம்: ஒரு நல்ல பிராட்பேண்ட் நிலையத்தின் விலையில் இப்படிப் பத்துக்கு மேல் வைக்கலாம். இதைக் கேவலமாகப் பார்ப்பது தவறு. ஆழத்தைச் சரியாகக் கணக்கிட வேண்டுமென்றால், நடுக்கத்தின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. பத்துக் கிலோமீட்டர் ஆழம் என்றால் 15 கிலோமீட்டருக்குள். நம் 20 நிலையங்கள் 200க்கு 200 கிலோமீட்டர் பரப்பில் சீராகப் பரவியிருந்தால் நிலையங்களுக்கிடையே 45 கிலோமீட்டர். நடுவில் வரும் நடுக்கத்துக்கு அருகிலுள்ள நிலையம் சுமார் 32 கிலோமீட்டரில் இருக்கும். ஆழம் அங்கே வெறும் ஊகம்தான். சென்சாரின் தரத்தை உயர்த்தி இதைச் சரிசெய்ய முடியாது, நெருக்கம் ஒன்றுதான் வழி.

ஆனால் பரப்பு முழுக்க இடைவெளியைப் பாதியாக்க 80 நிலையம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு இரண்டு முறை போனாலே 160 பயணம். யாரோ ரவுட்டரை மாற்றியிருப்பார்கள், யாரோ பக்கத்தில் வாஷிங் மெஷின் வைத்திருப்பார்கள். நேரமும் ஒரு சிக்கல்: ஜிபிஎஸ் இல்லாமல் இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் கருவி நன்றாக இருக்கும்போது சில மில்லிவினாடிப் பிழையோடு ஓடும், இணைப்பு அறுந்தால் அதன் கடிகாரம் நகரத் தொடங்கும். முதன்மை அலை வினாடிக்கு 6 கிலோமீட்டர் போவதால், 50 மில்லிவினாடிப் பிழை 300 மீட்டர், ஒரு வினாடிப் பிழை 6 கிலோமீட்டர். ஆகவே சின்னக் கருவி வாங்கினாலும் ஜிபிஎஸ் ஆன்டெனாவைச் சேர்த்தே வாங்குங்கள்.

எல்லா இடத்திலும் தூவாமல், கடந்த பத்தாண்டுப் பட்டியலில் நடுக்கங்கள் கொத்தாக விழும் இரண்டு மூன்று இடங்களில் மட்டும், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு கருவிகளை 8 முதல் 10 கிலோமீட்டர் இடைவெளியில் வைப்பதே நம் தேர்வு. 15, 18 கருவிக்குள் முடிந்துவிடும். நடுக்கத்தின் அளவு ஒன்று குறையக் குறைய எண்ணிக்கை ஏறத்தாழ பத்து மடங்காகும் என்பதால், அந்தக் கொத்துகளில் பிடிபடும் குறைந்தபட்ச அளவை 2லிருந்து 1.5க்கு இறக்கினாலே மூன்று மடங்கு நிகழ்வுகள் கிடைக்கும். பிளவுத்தளத்தின் உருவம் அப்போதுதான் தெரியத் தொடங்கும்.

மென்பொருள்

எர்த்வார்ம், சைஸ்காம்ப், ஆன்டிலோப் மூன்றும் பல ஆண்டுகளாக உலகின் பல மையங்களில் ஓடுபவை. எர்த்வார்ம் சின்னச் சின்ன நிரல்கள் நினைவக வளையங்கள் வழியே பேசிக்கொள்ளும் கட்டமைப்பு. இலகுவானது, பழைய கணினியிலும் ஓடும், ஆனால் ஒவ்வொரு நிரலுக்கும் தனித்தனி அமைப்புக் கோப்பு. சைஸ்காம்ப் திறந்த மூலம், ஒரே தரவுத்தளம், பகுப்பாய்வாளர் உட்கார்ந்து அலை வந்த நேரத்தைத் திருத்த நல்ல திரை. ஆன்டிலோப் உரிமக் கட்டணம் கேட்கும், அதற்கு ஈடாக ஆதரவு தரும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு சைஸ்காம்ப் என்று சொல்வோம். ஏற்கெனவே எர்த்வார்மை நன்றாகக் கையாளும் ஆள் இருந்தால், அவரை வைத்துக்கொண்டு எர்த்வார்மிலேயே இருங்கள். மென்பொருள் மாற்றத்தில் கிடைக்கும் பலனைவிட, அலைத் தூண்டலின் அளவுகளை (எந்த அசைவை நடுக்கமாக எடுப்பது என்ற எல்லைகளை) நிலையவாரியாகச் சரிசெய்வதில் கிடைக்கும் பலன் அதிகம். தூரத்துப் பெரிய நிலநடுக்கத்தின் அலை எல்லா நிலையத்தையும் தட்டும்போது இல்லாத உள்ளூர் நடுக்கங்கள் பட்டியலில் முளைப்பது அமைப்புக் கோளாறுதான். வடிகட்டியையும் குறைந்தபட்ச நிலைய எண்ணிக்கையையும் பார்த்தால் குறையும்.

2018இல் வந்த பேஸ்நெட் போன்ற இயந்திரக் கற்றல் நிரல்கள், கண்ணுக்குத் தப்பும் சிறு நடுக்கங்களை அள்ளிக்கொண்டு வரும். அவற்றை முதலில் பழைய தரவின்மீது இரண்டாம் சுற்றாக ஓட்டுங்கள். பேஸ்நெட் வட கலிபோர்னியத் தரவில் கற்றது. உங்கள் குவாரி வெடிகளையும் உங்கள் நிலையங்களின் இரைச்சலையும் அது பார்த்ததில்லை. ஆறு மாதம் ஒப்பிட்டபின் நேரடி ஓட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

முன்னெச்சரிக்கை கேட்கப்பட்டால்

அப்போது கணக்கே வேறு. 20 கிலோமீட்டர் இடைவெளியுள்ள வலைப்பின்னலில், பத்துக் கிலோமீட்டர் ஆழ நடுக்கத்தின் முதன்மை அலை நான்காவது நிலையத்தைத் தொட ஏறத்தாழ 3.7 வினாடி. தரவுப் பாக்கெட் நிரம்பி வந்து சேரும் தாமதம் 1 வினாடி, கணக்கிட 2 வினாடி என்றால் எச்சரிக்கை புறப்படும்போது, வினாடிக்கு 3.5 கிலோமீட்டர் போகும் இரண்டாம் அலை 21 கிலோமீட்டர் ஆரத்தைக் கடந்திருக்கும். அதற்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை கிடைக்காது. மினிசீட் என்ற பொதுவான நில அதிர்வுத் தரவு வடிவத்தின் வழக்கமான 512 பைட் பாக்கெட் நிரம்ப, அமைதியான இடத்தில் 3 முதல் 4 வினாடி ஆகும். அந்தப் பாக்கெட்டையே விட்டுவைத்தால் 21 கிலோமீட்டர் 31 ஆகிவிடும். எச்சரிக்கை எட்டாத பரப்பு இரு மடங்கு. ஒரு வினாடிக்குக் குறைவான பாக்கெட் அனுப்பும் டிஜிட்டைசரும் முடுக்கமானியும்தான் இங்கே முதல் செலவு. பிராட்பேண்டுக்கு இதில் பெரிய வேலை இல்லை. 45 கிலோமீட்டர் இடைவெளி வலைப்பின்னலை வைத்துக்கொண்டு முன்னெச்சரிக்கை தருவதாக வாக்குக் கொடுக்காதீர்கள்.

மாற்றும்போது கெடுவது

பழைய டிஜிட்டைசரை இன்னும் சில ஆண்டு ஓட்டலாமா என்ற கேள்விக்கு ஜிபிஎஸ் பகுதியைப் பார்த்து முடிவெடுங்கள். ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியபோது, மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய பெறுவான்களில் தேதி 19 ஆண்டுக்கு மேல் பின்னால் போகும் ஆபத்து இருந்தது. தயாரிப்பாளர் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்ட கருவியை, சென்சார் எப்படியிருந்தாலும், முதலில் மாற்ற வேண்டும்.

அதைவிட அதிகமாகக் கெடுவது, ஒவ்வொரு கருவியின் உணர்திறன், திசை, தேதிகளை எழுதிவைக்கும் நிலைய விவரக் கோப்பு. டிஜிட்டைசரின் பெருக்கத்தை ஒருவர் களத்தில் இரண்டு மடங்காக்கிவிட்டு அதைக் கோப்பில் எழுத மறந்தால், அந்த நிலையம் தரும் அளவு ஒவ்வொரு நிகழ்விலும் 0.3 கூடிவிடும். 24 பிட், 40 வோல்ட் வீச்சு என்றால் ஓர் எண்ணுக்கு 2.38 மைக்ரோவோல்ட், சென்சாரின் உணர்திறனான 1500ஐ இதனால் வகுத்துக் கிடைக்கும் எண்ணும் கோப்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு சானலுக்கும் கையால் சரிபாருங்கள். வடக்குத் திசையைக் காந்த ஊசியால் பார்த்தவர்கள் காந்த விலக்கத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துவிட்டால் பிழை இரட்டிப்பாகும். மேல்நோக்கிய அசைவு கீழாகப் பதிவாகும் துருவத் தலைகீழும் புதுக் கேபிளோடு வரும். இவை எல்லாவற்றையும் பிடிக்க ஒரு நல்ல வழி உண்டு: தூரத்தில் பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்ததும், எல்லா பிராட்பேண்ட் நிலையங்களின் நீண்ட அலையையும் கருவித் தாக்கத்தை நீக்கி ஒரே திரையில் அடுக்குங்கள். அடுத்தடுத்த நிலையங்களில் அலை ஏறத்தாழ ஒரே உயரத்தில், ஒரே பக்கம் எழ வேண்டும். தனித்து நிற்பது எதுவோ அதன் கோப்பில் பிழை.

புதுச் சென்சார்களைக் களத்துக்கு அனுப்புமுன் ஒரே மேடையில் அருகருகே வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். பழுதோடு வந்தது அங்கேயே தெரியும். பிறகு ஒரே தடவையில் எல்லாவற்றையும் மாற்றாமல் இரண்டு மூன்று நிலையமாகப் போங்கள். பழைய சென்சாரை உடனே பிடுங்காமல், புதியதற்கு வேறு இடக்குறியீடு (ஒரே நிலையத்தின் இரு சென்சாரைப் பிரித்துக் காட்டும் குறி) கொடுத்து, குறைந்தது ஒரு மாதம் இரண்டையும் சேர்ந்தே ஓடவிடுங்கள். இரண்டும் ஒரே நடுக்கங்களுக்குக் கொடுக்கும் அளவின் வித்தியாசத்தைக் கணக்கிட்டு எழுதிவைத்தால்தான் நேற்றைய பட்டியலும் நாளைய பட்டியலும் ஒட்டும். அதன்பின் பழையதை எடுக்கும்போது விவரக் கோப்பில் அதன் முடிவுத் தேதியைப் போடுங்கள், வரியை அழிக்க வேண்டாம். எடுத்துவந்த சென்சார்களில் நன்றாக இருப்பவற்றைச் சோதித்து, எண் ஒட்டி, அலமாரியில் வையுங்கள். 20 நிலையத்துக்கு மூன்று சென்சாரும் மூன்று டிஜிட்டைசரும் எப்போதும் கைவசம் இருந்தால், இடி விழுந்த நிலையத்துக்கு மாதக்கணக்கில் காத்திராமல் அடுத்த பயணத்திலேயே மாற்றிவிட்டு வரலாம்.